ஓபி நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும் சின்ன கிளினிக்: நோயாளி விவரத்தை எப்படி வைப்பது, யாரிடம் கொடுப்பது?

மண்டபம்_கவுண்டர்
உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு கிளினிக். இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், கவுண்டரில் ஒருவர், சின்ன லேப். நாளைக்கு 60 முதல் 80 ஓபி. இதுவரை நீள நோட்டு, அடுத்த மாதம் சாஃப்ட்வேர். நோட்டில் உள்ள பத்திகள்: வரிசை எண், பெயர், வயது, ஊர், போன், என்ன தொந்தரவு, பீஸ். இதை அப்படியே டைப் அடித்து ஏற்றிவிடலாமா? ஆதார் காப்பி வாங்கணுமா? ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், அனுப்பலாமா? ஆளோட விவரத்தைப் பாதுகாக்க வந்த புதுச் சட்டம் இவ்வளவு சின்ன இடத்துக்கும் உண்டா?

வலைவாடி
சாஃப்ட்வேர் கிடக்கட்டும், முதலில் அந்த நோட்டைப் பாருங்க. "என்ன தொந்தரவு" பத்திக்குக் கவுண்டர் நோட்டில் என்ன வேலை? அது டாக்டர் எழுதும் சீட்டில் இருந்தால் போதும். கவுண்டரில் விரித்துக் கிடக்கும் நோட்டை, எதிரே நிற்கிறவர் தலைகீழாகவே வாசித்துவிடுவார். ஒரு பக்கத்துக்கு 30 வரி என்றால் 30 வீட்டு சமாச்சாரம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஓபி எண் பத்தி போடுங்க.

அடுத்தது கூப்பிடும் விதம். "சுகர் டெஸ்ட் குடுத்த அம்மா யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் பூட்டு, பாஸ்வேர்டு எல்லாம் வீண். டோக்கன் எண் மட்டும் சொல்லிக் கூப்பிடணும்.

கடைசியாக ஒன்று, இதுதான் பெரிசு. போன் நம்பரை வைத்து ஆளை அடையாளம் காணாதீங்க. நிறைய சாஃப்ட்வேரில் நம்பரை அடித்தால் நோயாளி பேர் வந்து நிற்கும். மதுரையில் அது சரிப்படலாம், நம்ம பக்கம் சரிப்படாது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் கடலுக்குப் போனவர் கையில். சிலர் படகு ஓனர் நம்பரைக் கொடுப்பார்கள், சிலர் துபாயில் இருக்கும் மகன் நம்பரை. ஒரே நம்பரில் ஆறு பேர் வரிசையாக நிற்கும்போது கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் முதல் பேரைத் தட்டுவார். மருமகள் ரிசல்ட் மாமியார் பேரில் ஏறிவிடும்.

பேரும் கைகொடுக்காது. பெரியபட்டினத்தில் எத்தனை பாத்திமா, தங்கச்சிமடத்தில் எத்தனை அந்தோணி. இங்கிலீஷில் அடித்தால் ஒரே முகமதுக்கு நாலு ஸ்பெல்லிங், நாலு ஃபைல். அதனால் ஓபி எண்ணை ஆண்டும் வரிசையுமாக (26/0418 மாதிரி) கொடுத்து, சின்ன அட்டையில் எழுதிக் கையில் கொடுங்க. அட்டையை மறந்து வந்தால் பேர், அப்பா அல்லது கணவர் பேர், பிறந்த வருஷம், ஊர் இந்த நாலில் குறைந்தது மூன்று பொருந்தணும். கேட்கும்போது "நீங்க செல்விதானே?" என்று கேட்காதீங்க. காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்று அவர் வாயாலேயே வரவழைக்கணும்.

புள்ளிவைத்த_சட்டம்
சட்டக் கேள்விக்கு வருகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. கிளினிக் மேல் விழும் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. "சின்ன இடம்" என்பதற்குத் தானாகக் கிடைக்கும் விலக்கு எதுவும் இல்லை.

காகித நோட்டு நோட்டாகவே இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. டைப் அடித்து ஏற்றிய நிமிஷம் தொடும். நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தாலும் தொடும். அதற்காக நோட்டுக்கு ரகசியமே இல்லை என்று ஆகாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் டாக்டரைக் காகிதத்திலும் கட்டுப்படுத்தும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைக்கணும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும் என்பதும் அதில்தான்.

சம்மதம் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். வைத்தியத்துக்கு வந்தவர் தானாகச் சொன்ன விவரத்தை அந்த வைத்தியத்துக்குப் பயன்படுத்த 2023 தரவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கும் அப்படியே. ஆனால் அதே நம்பருக்கு "இலவச கண் பரிசோதனை முகாம்" மெசேஜ் போவது வேறு நோக்கம். அதற்குத் தனியாகக் கேட்டு, தனியாக டிக் வாங்கணும். ஆபரேஷன் சம்மதப் படிவத்தின் கடைசி வரியில் சேர்த்து ஒரே கையெழுத்தில் முடிப்பது செல்லாது.

ஆதார் காப்பி வேண்டாம். சாதாரண ஓபிக்கு அதை வாங்க எந்தக் கட்டாயமும் இல்லை. வாங்கி வைத்தால் பாதுகாக்கும் பொறுப்புதான் கூடும். வேறு எதற்காவது தேவைப்பட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும். ஆபா எண், அதாவது அரசின் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண், நோயாளி விருப்பம். இல்லையென்றால் பார்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது.

ஊர்க்குருவி
இவ்வளவு பெரிய பேச்சு எதுக்குன்னு கேக்குறேன். இங்க யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர்னு ஊருக்கே தெரியும். 250 கோடி அபராதம்னு பயமுறுத்தி சாஃப்ட்வேர் விக்கத்தான் இதெல்லாம்.

வலைவாடி
குருவி அண்ணே, சுகர் தெரியும், சரி. கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் கிளினிக்கில் வந்து "அந்தப் புள்ள இங்க வருமா, என்ன வைத்தியம்?" என்று கேட்பது நடக்கிறதா இல்லையா? வலிப்பு மாத்திரை, தைராய்டு, குழந்தையின்மைக்கான டெஸ்ட், இதெல்லாம் வெளியே போனால் சம்பந்தமே முறியும். படகு ஓனர் "அவனுக்கு நெஞ்சு நோவுன்னு வந்தானாமே, கடலுக்கு அனுப்பலாமா?" என்று கேட்பார். அக்கறையில்தான் கேட்கிறார். பதில் சொன்னால் அந்த ஆளுக்கு அந்த சீசன் வேலை போச்சு. 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15இல் படகு இறங்கும்போது ஆள் எடுப்பதே இந்தப் பேச்சை வைத்துத்தான்.

கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே ஒரு பதிலைப் பழக்குங்க: "இங்க யாரு வர்றாங்க, வரலன்னே நாங்க சொல்றதில்லண்ணே. அவரையே கேட்டுக்கங்க." "அவரு விவரம் சொல்லக் கூடாது" என்று சொன்னால் அவர் வந்தது உண்மை என்று தெரிந்துபோகும். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வதில்தான் பாதுகாப்பு.

புள்ளிவைத்த_சட்டம்
250 கோடி என்பது இந்தத் தரவுச் சட்டத்தின் உச்சவரம்பு. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அதுவரை போகலாம். கசிந்ததைத் தெரிவிக்காமல் விட்டால் 200 கோடி வரை. எவ்வளவு பெரிய தவறு, எத்தனை பேருக்குப் பாதிப்பு, பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்யும். நாலு பேர் கிளினிக்கில் அந்தத் தொகையைக் காட்டிப் பயமுறுத்தி விற்பவரிடம் குருவி சொல்வது போல எச்சரிக்கையாகவே இருங்க.

லேப்_மேசை
வாட்ஸ்அப்புக்கு வருவோம். அனுப்பவே கூடாது என்று சொல்வது சுலபம், நடக்காது. முதுகுளத்தூர் பக்கம் இருந்து வந்தவர் ரிசல்ட்டுக்காக இரண்டு பஸ் மாறி மறுபடி வருவாரா? செய்யும் முறையைச் சொல்கிறேன்.

கிளினிக் பேரில் தனி சிம், தனி போன். டெக்னீஷியன் சொந்த போன் கூடவே கூடாது. அவர் வேலையை விட்டால் அத்தனை ரிப்போர்ட்டும் அவரோடு போகும். அந்தப் போனில் படங்கள் கேலரிக்குப் போகும் அமைப்பை அணைக்கணும். அணைக்காவிட்டால் ரிப்போர்ட் படம் கேலரிக்குப் போய், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறி, அதே கணக்கில் இருக்கும் டாக்டர் வீட்டு டிவியில் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே ஓடும். சாட் பேக்கப்பைக் குறியாக்கம் செய்யும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும்) அமைப்பு தனியாக இருக்கிறது, அதைப் போடுங்க. வாட்ஸ்அப்புக்கு 6 இலக்க பின் போடுங்க. "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலைத் திங்கள்தோறும் திறந்து பாருங்க, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெட்டிவிடுங்க. மறையும் செய்தி 7 நாள் என்று வைக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டின் பிரதி ஃபைலில் ஏறிய பிறகுதான்.

படிவத்தில் போன் நம்பருக்குக் கீழே மூன்று கேள்வி: இது யாருடைய போன்? கூப்பிடலாமா? ரிசல்ட் இதில் அனுப்பலாமா? மூன்றாவதுக்கு "வேண்டாம்" என்றால் மெசேஜ் இவ்வளவுதான்: "ஓபி 26/0418, ரிசல்ட் தயார். நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும்." டெஸ்ட் பேர் எழுதாதீங்க. நோட்டிபிகேஷன் பூட்டிய திரையிலேயே தெரியும்.

எச்ஐவி, கர்ப்பம், பால்வினை நோய் சம்பந்தமான ரிசல்ட் எதுவானாலும் வாட்ஸ்அப் கிடையாது, நேரில்தான், டாக்டர் வாயால்தான். எச்ஐவி உள்ளவரின் கேஸ் சீட்டு மேலே சிவப்பு மையில் வட்டம் போடும் பழைய பழக்கத்தை 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்ஐவி சட்டத்துக்குப் பிறகும் சில இடங்களில் விடவில்லை. கையுறையும் ஊசி அகற்றும் முறையும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான், அப்புறம் அந்த வட்டம் யாருக்கு?

டாக்டர்கள் குரூப்பில் ஸ்கேன் படம் போட்டு அபிப்பிராயம் கேட்பதும் உண்டு. படத்தின் மூலையில் பேர், வயது, தேதி பொறித்திருக்கும். போன் எடிட்டரில் பிரஷ்ஷால் கறுப்பு தடவினால் போதாது, சில பிரஷ் லேசாக ஒளி ஊடுருவும், பிரைட்னஸ் ஏற்றினால் எழுத்து தெரியும். அந்த மூலையையே கிராப் செய்து வெட்டுங்க. பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் போட்டாலும் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்தால் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பணும். ஃபைல் பேரையும் பாருங்க, படத்தில் பேரை அழித்துவிட்டு ஃபைல் பேரில் முழு விலாசத்தோடு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேஸ்கட்டு
காகிதம் பற்றி யாரும் பேசவில்லையே. சாஃப்ட்வேர் வந்த பிறகு பழைய நோட்டு, சீட்டெல்லாம் என்னாகும்? மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போகும். அங்கிருந்து கடைக்கு. கடலை வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவரின் ஹீமோகுளோபின் 8.2, மேலே பேரும் தெருவும்.

எதை எவ்வளவு நாள் வைப்பது: உள்நோயாளி ஃபைல் குறைந்தது 3 ஆண்டு. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்தால் அதற்கான படிவம் எஃப் 2 ஆண்டு, வழக்கு நடந்தால் அது முடியும்வரை. கருக்கலைப்புச் சேர்க்கைப் பதிவேடு கடைசி வரி எழுதியதிலிருந்து 5 ஆண்டு, அதுவும் பூட்டி, பொறுப்பாளர் கையில். அந்த நோயாளியை மற்ற எந்தச் சீட்டிலும் பேரால் எழுதக் கூடாது, வரிசை எண்ணால்தான். விபத்து, அடிதடி, விஷம் குடித்த கேஸ்களின் ஏஆர் (விபத்துப் பதிவேடு) நகலை வழக்கு முடியாமல் தொடாதீங்க. குழந்தைகளுடையதை 18 வயது முடிந்து இன்னும் 3 ஆண்டு வைப்பது நல்லது.

அழிப்பது: குறுக்கு வெட்டு ஷ்ரெடர் ஒரு தடவைக்கு ஐந்தாறு தாள்தான் எடுக்கும், கால் மணி ஓடினால் சூடாகி நிற்கும். பத்து வருஷ மூட்டைக்கு அது ஆகாது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, கட்டையால் கிளறிக் கூழாக்கிவிடலாம். பந்துமுனைப் பேனா மை ஊறினாலும் போகாது, அதனால் தாள் தாளாக இல்லாமல் கூழ் ஆகும்வரை விடக் கூடாது. என்ன அழித்தோம், எந்த ஆண்டு, யார் முன்னால் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து.

இசிஜி சீட்டு தனிக் கதை. அது வெப்பத்தில் எழுதும் தாள். வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை மூன்றும் அதற்கு ஆகாது, சில மாதத்திலேயே கோடு மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் மெஷின் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். அன்றைக்கே சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்க. இதற்குச் சோம்பல்பட்டு நர்ஸ் போனில் படம் எடுத்து வைப்பார், அங்கேதான் மேலே லேப் மேசை சொன்ன கேலரி கதை ஆரம்பம்.

உப்புக்காத்து
கம்ப்யூட்டர் பக்கம் என் பங்கு.

ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு, அது மானிட்டரில் ஒட்டிய சீட்டில். இதை முதலில் ஒழிக்கணும். ஆளுக்கு ஒரு லாகின். கவுண்டருக்குப் பேர், டோக்கன், பீஸ் மட்டும் தெரிந்தால் போதும். மருந்துக்கடைக்குச் சீட்டு மட்டும். யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்ற பதிவு சாஃப்ட்வேரில் இருக்கா என்று வாங்குமுன் கேளுங்க, "இருக்கு" என்றால் திறந்து காட்டச் சொல்லுங்க. புது விதிப்படி அந்தப் பதிவை ஓராண்டு வைக்கணும். எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியும் எல் எழுத்தும், திரை பூட்டிக்கொள்ளும். மானிட்டர் முகம் சுவர்ப் பக்கம் இருக்கட்டும், பெஞ்சு பக்கம் வேண்டாம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. பழைய மெஷினில் புது சாஃப்ட்வேர் போட்டுத் தரும் ஆளிடம் இதைக் கேளுங்க. புது மெஷினில் ப்ரோ பதிப்பு வாங்கினால் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வரும். டிஸ்க் திருட்டுப் போனாலும் திறக்க முடியாது. அதன் மீட்புச் சாவி 48 இலக்கம், தாளில் எழுதி கிளினிக்குக்கு வெளியே வைக்கணும். அதைத் தொலைத்தால் திருடனோடு சேர்ந்து நீங்களும் வெளியேதான்.

பேக்கப்: இரண்டு வெளி டிஸ்க், வாரம் ஒன்று மாற்றி மாற்றி. ஒன்று கிளினிக்கில், மற்றது டாக்டர் வீட்டில், இரண்டும் குறியாக்கம் செய்தது. எப்போதும் சொருகியே வைத்தால் பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். நம்ம ஊருக்கு இன்னொரு தொல்லை, உப்பு. மெஷினுக்குள் கடல்காற்று போய் யுஎஸ்பி வாய் பச்சை பிடிக்கும், டிஸ்க் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. டிஸ்க்கை ரப்பர் வளையம் உள்ள இறுக்க மூடி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைங்க. நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்றணும் என்று கண்ணாலேயே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறொரு மெஷினில் திறந்து, ஐந்து ஓபி எண் போட்டு வருகிறதா பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பவே நம்பாதீங்க.

யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீங்க. டேட்டா எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் டேட்டாபேஸ் உடையும். 600 விஏ போதும், சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் அருமை தெரியும்.

பலர் கவனிக்காதது: சாஃப்ட்வேர் ஆள் தன் இடத்திலிருந்தே சரிசெய்ய எனிடெஸ்க் என்ற ரிமோட் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு, எப்போது வேண்டுமானாலும் நுழையும்படி பாஸ்வேர்டையும் விட்டுப் போவார். எல்லா கிளினிக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை நீக்கி, ஒவ்வொரு தடவையும் நீங்கள் "அனுமதி" அழுத்தினால்தான் உள்ளே வரும்படி வைங்க.

மண்டபம்_கவுண்டர்
நன்றி அண்ணே. க்ளவுட் சாஃப்ட்வேர் நல்லதா, மெஷினிலேயே வைப்பது நல்லதா? இன்னொன்று, டிபி நோயாளி "யாருக்கும் தெரியக் கூடாது, நிக்ஷயில் போடாதீங்க" என்றால்? (நிக்ஷய் என்பது அரசின் டிபி பதிவுத் தளம்.)

உப்புக்காத்து
காற்றடி நாளில் நெட் போகும். ஆஃப்லைனில் எழுதிவிட்டு, நெட் வந்ததும் ஏற்றும் க்ளவுட் என்றால் சரி. எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும்: டேட்டா கிளினிக்குச் சொந்தம், சந்தா நிறுத்தினால் எக்செல்லில் முழுசாகத் தருவார்கள், எத்தனை நாளில் அவர்கள் பக்கம் அழிப்பார்கள். அவர்கள் கையில் கசிந்தாலும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

புள்ளிவைத்த_சட்டம்
டிபி 2012 முதல் அறிவிக்க வேண்டிய நோய், தனியார் டாக்டருக்கும்தான். சம்மதம் கேட்கும் இடமே அது இல்லை. ஆனால் சொல்லும் கடமை உண்டு: நிக்ஷயில் ஏற்றுமுன் "அரசுக் கணக்கில் பதிவாகும், ஊட்டச்சத்துப் பணம் உங்க பேங்க் கணக்குக்கு வரும், பணியாளர் தொடர்பு கொள்வார், எங்கே எப்போது சந்திக்கலாம்?" என்று கேளுங்க. பணியாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பதுதான் நோயாளிகளின் பயம். கிளினிக்கிலேயே சந்திக்க ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

போலீஸ் வந்து வாய்மொழியாகக் கேட்டால் ஃபைலைத் தூக்கிக் கொடுக்காதீங்க. எழுத்தில், வழக்கு எண்ணோடு, என்ன ஆவணம் என்று குறிப்பிட்டு வாங்கணும். நகல் எடுத்து வைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக் கொடுங்க. துபாயில் இருந்து கணவர் கேட்டாலும் மனைவியிடம் கேட்காமல் கிடையாது.

பென்டிரைவ் தொலைந்தாலும் அது கசிவுதான். ஹேக்கர் வரணும் என்றில்லை. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அரசின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்கும் உத்தரவு 2022 முதல் இருக்கிறது. புது விதிகள் அமலான பிறகு வாரியத்துக்கும் நோயாளிக்கும் தாமதமின்றிச் சொல்லணும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள்.

மண்டபம்_கவுண்டர்
கவுண்டரில் ஒட்ட இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்க:

"உங்கள் பெயர், வயது, ஊர், போன், நோய் விவரத்தைச் சிகிச்சைக்காக மட்டுமே வைத்திருப்போம். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தர மாட்டோம். உங்கள் பதிவின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருவோம். தவறு இருந்தால் திருத்துவோம். முகாம் மெசேஜ் வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்."

புள்ளிவைத்த_சட்டம்
"மட்டுமே", "யாருக்கும்" இரண்டையும் எடுங்க. டிபி பதிவும் போலீஸ் தகவலும் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அப்போது பலகையே பொய்யாகும். "சிகிச்சைக்கும், சட்டம் கேட்கும் பதிவுகளுக்கும் வைத்திருப்போம். வேறு யாருக்கும் உங்களைக் கேட்காமல் தர மாட்டோம்" என்று மாற்றுங்க. கடைசியில் குறை சொல்ல வேண்டியவர் யார், எந்த நம்பர் என்று ஒரு வரி கட்டாயம்.

கேஸ்கட்டு
கலர் இங்க்ஜெட்டில் எடுத்து ஜன்னல் பக்கம் ஒட்டாதீங்க, சித்திரை தாண்டுமுன் வெளுத்துவிடும். கறுப்பு லேசர் பிரிண்ட், எழுத்து பெரிசா, பாட்டிமார் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்கு.